பனிக்கு அடியில் ஓர் எரிமலை: கிரிம்ஸ்வோட்னுக்குப் போக முடியுமா? போனால் என்ன தெரியும்?

ஐஸ்லாந்தின் தெற்குக் கரையோரமாக ரிங் ரோட்டில் கார் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் ஸ்காஃப்டஃபெல் பக்கத்தில் ஒரு இடத்தில் கட்டாயம் நிறுத்துவார்கள். சாலை ஓரத்தில் இரண்டு பெரிய இரும்பு கர்டர்கள் கிடக்கும். ஈரத் துணியை முறுக்கிப் பிழிந்த மாதிரி வளைந்திருக்கும். அதன்மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, பின்னால் தெரியும் பனியாற்றையும் ஒரு கிளிக் செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அந்த கர்டர்கள் ஒரு பாலத்தின் மிச்சம். பாலத்தை உடைத்தது ஓர் எரிமலை. ஆனால் அந்த எரிமலை அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது. பனியாற்றின் உள்ளே, சுமார் 50 கி.மீ. தள்ளி இருக்கிறது. அதன் பெயர் கிரிம்ஸ்வோட்ன். ஐஸ்லாந்திலேயே அதிக முறை வெடித்த எரிமலை இதுதான்.

‘பனிக்கு அடியில் எரியும் எரிமலைக்குப் போவோம்’ என்ற ரீல்ஸ் நிறைய சுற்றுகின்றன. ஐஸ்லாந்து டிரிப் போடும் நம் ஊர் இளைஞர்களும் அதிகமாகிவிட்டார்கள். அப்போ நிஜமாகவே அங்கே போக முடியுமா? போக முடியும். ஆனால் போனவர்கள் பார்ப்பது நெருப்பை இல்லை. ஆபத்து வருவதும் பெரும்பாலும் நெருப்பிலிருந்து இல்லை. இந்த இரண்டையும் புரிந்துகொள்ளாமல் டிக்கெட் போடுவது சரியாக வராது.

எங்கே இருக்கிறது இந்த எரிமலை?

எரிமலை என்றதும் நம் மனதில் வருவது கூம்பு வடிவ மலை, உச்சியில் புகை. இந்தியாவில் இப்போது செயல்பாட்டில் இருக்கும் ஒரே எரிமலையான அந்தமான் கடலின் பாரன் தீவு கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். கிரிம்ஸ்வோட்ன் அப்படி இல்லை. அது இருப்பது வாட்னாயோகுல் என்ற மாபெரும் பனிப்போர்வைக்குக் கீழே.

வாட்னாயோகுலின் பரப்பு சுமார் 7,700 சதுர கி.மீ. சிக்கிம் மாநிலத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஐஸ்லாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 8 சதவீதம். பனியின் தடிமன் சராசரியாக 400 மீட்டரை ஒட்டி இருக்கும், சில இடங்களில் 900 மீட்டரையும் தாண்டும். (செய்திகளில் ‘பனிப்பாறை’ என்று எழுதுகிறோம். ஆனால் இது பாறை மாதிரி ஓரிடத்தில் நிற்பதில்லை, மெல்ல மெல்ல நகர்கிறது. அதனால் ‘பனியாறு’ என்பதே பொருத்தம்.) இந்தப் பனிக்கு அடியில் ஒன்றல்ல, பல எரிமலைகள் இருக்கின்றன. அவற்றில் நடுவே இருக்கும் கிரிம்ஸ்வோட்னுக்கு மேல்பகுதி உள்ளே சரிந்து உண்டான கால்டெரா எனும் பெரும் பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்துக்குள் ஒரு ஏரி, ஏரிக்கு மேலே மிதக்கும் பனி மூடி.

பெயரிலேயே ஏரி இருக்கிறது. ஐஸ்லாந்து மொழியில் ‘வோட்ன்’ என்றால் நீர்கள், ஏரிகள். ‘கிரீமுடைய ஏரிகள்’ என்று பொருள்.

உள்ளூர் மக்கள் நெருப்பையும் சாம்பலையும் வெள்ளத்தையும் பல நூற்றாண்டுகளாகப் பார்த்துவந்தார்கள். ஆனால் இவையெல்லாம் பனிக்குள் எந்த இடத்திலிருந்து வருகின்றன என்பது தெளிவாக இல்லை. 1919-இல் ஹோகன் வாடெல், எரிக் இக்பெர்க் என்ற இரண்டு ஸ்வீடன்காரர்கள் குதிரைகளோடு பனியாற்றைக் கடந்து வந்து, இந்தப் பெரும் பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்து விவரித்தார்கள். அந்த விளிம்பில் உள்ள சிகரங்களுக்கு இன்றும் ‘ஸ்வியாஹ்னூகர்’ என்றே பெயர். ஸ்வீடன்காரர்களின் சிகரம்.

தண்ணீர்தான் வில்லன்

எரிமலையின் சூடு அடியிலிருந்து பனியைத் தொடர்ந்து உருக்கிக்கொண்டே இருக்கிறது. வெடிப்பு எதுவும் இல்லாத சாதாரண நாள்களிலும் இது நடக்கும். உருகிய நீர் எல்லாம் கால்டெராவில் சேருகிறது. சுற்றிலும் பாறைச் சுவரும் பனிச் சுவரும் இருப்பதால் வெளியே போக வழி இல்லை. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் நீர்மட்டம் ஏறுகிறது. மேலே மிதக்கும் பனி மூடியும் கூடவே உயர்கிறது.

ஒரு கட்டத்தில் அணை தாங்காது. கிளாஸில் ஐஸ் கட்டி மிதப்பது ஏன் என்று யோசித்தால் இது புரியும். பனி, தண்ணீரைவிட லேசானது. ஏரியின் மட்டம் அணையாக நிற்கும் பனியின் உயரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை நெருங்கும்போது, நீரின் அழுத்தம் பனியையே அடியிலிருந்து தூக்கப் பார்க்கும். அதற்கு முன்பே எங்காவது ஒரு சிறு கசிவு தொடங்கிவிடுவதும் உண்டு. கசியும் நீர் பனியை விட சூடானது என்பதால் போகிற வழியை உருக்கிப் பெரிதாக்கும். வழி பெரிதானால் இன்னும் அதிக நீர் பாயும். இன்னும் அதிகம் உருகும். இப்படிப் பனிக்கு அடியில் ஒரு சுரங்கப் பாதையே உருவாகி, ஏரி மொத்தமாக இறங்கிவிடும். இறங்கிய பிறகு பனியின் எடையே அந்தச் சுரங்கத்தை நசுக்கி மூடும். ஏரி மறுபடியும் நிரம்பத் தொடங்கும்.

இந்த வெள்ளத்துக்கு ஐஸ்லாந்து மொழியில் ‘யோகுல்லாப்’ என்று பெயர். ‘பனியாற்றின் ஓட்டம்’ என்று மொழிபெயர்க்கலாம். உலகம் முழுக்க புவியியலாளர்கள் இந்தச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள். நமக்கும் இது முற்றிலும் அந்நியமான விஷயம் இல்லை. 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைத்துக்கொண்டு, தீஸ்தா ஆற்றில் இறங்கி சுங்தாங் அணையையே அடித்துச் சென்றது நினைவிருக்கும். அங்கே எரிமலை இல்லை, ஏரியும் பனிக்கு மேலே திறந்த வெளியில் இருந்தது. ஆனால் பனியும் சரளையும் தடுத்து வைத்த தண்ணீர் ஒரே நாளில் வெளியேறினால் கீழே என்ன ஆகும் என்பது இரண்டு இடத்திலும் ஒரே கதைதான்.

அந்த கர்டர்கள் கதை 1996-இல் நடந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று கிரிம்ஸ்வோட்னுக்கு வடக்கே, கியால்ப் என்று பின்னர் பெயரிடப்பட்ட இடத்தில் பனிக்கு அடியில் வெடிப்பு தொடங்கியது. 500 மீட்டருக்கும் அதிகத் தடிமனான பனியை அது ஒன்றரை நாளுக்குள் உருக்கிக்கொண்டு மேலே வந்தது. உருகிய நீர் வெளியே வரவில்லை. பனிக்கு அடியிலேயே ஓடி கிரிம்ஸ்வோட்ன் ஏரியில் போய்ச் சேர்ந்தது. விஞ்ஞானிகளுக்குக் கணக்கு தெளிவாகத் தெரிந்தது. இவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது, வெளியே வந்தே தீரும். எப்போது என்பதுதான் கேள்வி. ஐந்து வாரம் காத்திருந்தார்கள்.

நவம்பர் 5 காலை வெள்ளம் வந்தது. சுமார் 50 கி.மீ. பனிக்கு அடியில் பாய்ந்து, ஸ்கெய்தராவுர்சாண்டுர் என்ற கருமணல் சமவெளியில் வெளிப்பட்டது. அன்று இரவுக்குள் உச்சத்தைத் தொட்டபோது வினாடிக்கு ஏறத்தாழ 50,000 கன மீட்டர். நம் அணைச் செய்திகளின் கணக்கில் சொன்னால் வினாடிக்கு 17 லட்சம் கன அடிக்கும் மேல். நம் ஊரில் ஒரு லட்சம் கன அடி திறந்தாலே கரையோர மக்களுக்கு எச்சரிக்கை வரும். கூடவே 10 மீட்டருக்கும் அதிக உயரமான பனிக்கட்டிகள் அடித்து வரப்பட்டன. ஒரு பாலம் முழுதாகப் போனது. கிட்டத்தட்ட 900 மீட்டர் நீளமான, நாட்டிலேயே நீளமான ஸ்கெய்தராவு பாலத்தின் ஒரு பகுதியும் போனது. 1974-இல் இந்தச் சமவெளியில் பாலங்கள் கட்டி முடித்த பிறகுதான் ரிங் ரோடு ஒரு முழு வட்டமாக இணைந்தது என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

ஒருவர்கூட இறக்கவில்லை. சாலையை முன்கூட்டியே மூடிவிட்டார்கள். என் பார்வையில் இந்தக் கதையில் பாலத்தைவிட முக்கியமான செய்தி இது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பனியாறு சுருங்கச் சுருங்க, 2009-இல் ஸ்கெய்தராவு ஆறே தடம் மாறி மேற்கே வேறு ஆற்றில் போய்ச் சேர்ந்தது. நாட்டின் மிக நீளமான பாலம், கீழே பெரிதாக ஆறு இல்லாமல் சில ஆண்டுகள் நின்றது. 2017-இல் பக்கத்திலேயே சின்னதாக ஒரு பாலம் கட்டிப் போக்குவரத்தை மாற்றினார்கள்.

நிஜமாக வெடித்தால்?

ஏரியில் சேரும் நீர் ஒரு மூடி மாதிரி வேலை செய்கிறது. அதன் எடை கீழே உள்ள மாக்மாவை அழுத்திப் பிடிக்கிறது. ஏரி திடீரெனக் காலியானால் அந்த அழுத்தம் குறையும். குக்கரின் வெயிட்டைச் சட்டென்று தூக்கினால் என்ன ஆகுமோ அப்படி. மாக்மா ஏற்கெனவே தயாராக இருந்தால் அது போதும். 2004-இல் இதுதான் நடந்தது. அக்டோபர் கடைசியில் யோகுல்லாப் தொடங்கியது, நவம்பர் 1 அன்று வெடித்தது.

ஆனால் ஒவ்வொரு முறையும் இப்படி நடக்காது. 2021 டிசம்பரில் ஏரி இறங்கியது, மேலே இருந்த பனி மூடி 70 மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்தது, விமானங்களுக்கான எச்சரிக்கை நிறம் ஆரஞ்சுக்கு உயர்ந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். வெடிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த வெள்ளங்களிலும் வெடிக்கவில்லை.

கடைசியாக வெடித்தது 2011 மே 21 அன்று. சாம்பல் தூண் சுமார் 20 கி.மீ. உயரம் எழுந்தது. இந்த எரிமலையில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்க்காத அளவு. தெற்கே கிர்க்யுபையார்க்ளாஸ்டுர் பகுதியில் பகலிலேயே இருட்டியது. இத்தனைக்கும் சர்வதேச அளவில் ரத்தான விமானங்கள் சுமார் 900 மட்டும்.

இதை 2010-உடன் ஒப்பிட்டால்தான் ஆச்சரியம் தெரியும். அந்த ஆண்டு ஏப்ரலில் வெடித்த எய்யஃபியாத்லாயோகுல் இதைவிடச் சின்ன வெடிப்பு. அதுவோ சுமார் ஒரு லட்சம் விமானங்களை நிறுத்தியது. காரணம் சாம்பலின் அளவு மட்டும் இல்லை, அதன் நுண்மையும் காற்றின் திசையும். மாக்மா பனி நீரைத் தொட்டதும் சுடு கண்ணாடியில் தண்ணீர் ஊற்றியதுபோல் சிதறித் தூளாகிறது. 2010-இல் அந்தத் தூள் மிக நுண்மையாக இருந்து வெகுநேரம் காற்றில் மிதந்தது, காற்றும் அதை நேராக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது. 2011-இல் துகள் சற்றுப் பெரிது, சீக்கிரமே தரையில் விழுந்துவிட்டது.

இந்த எரிமலை அமைப்பின் பழைய கணக்கு ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1783 ஜூன் 8 அன்று, கிரிம்ஸ்வோட்ன் அமைப்பின் தென்மேற்குப் பகுதியில் லாக்கி என்ற இடத்தில் நிலம் 27 கி.மீ. நீளத்துக்குப் பிளந்தது. எட்டு மாதம் எரிமலைக் குழம்பும் கந்தக வாயுவும் வந்தபடி இருந்தன. புல் விஷமானது, கால்நடைகள் பாதிக்கும் மேல் மடிந்தன, தொடர்ந்த பஞ்சத்தில் ஐஸ்லாந்து மக்களில் ஐந்தில் ஒருவர் இறந்தார். அந்தக் கந்தக மூட்டம் ஆப்பிரிக்க, இந்தியப் பருவமழையையும் பலவீனப்படுத்தியிருக்கும் என்று கணினி மாதிரி ஆய்வுகள் காட்டுகின்றன.

சரி, அங்கே எப்படிப் போவது?

ரெய்க்யவிக்கிலிருந்து நேர்கோட்டில் 200 கி.மீ.க்கு மேல். ஆனால் கிரிம்ஸ்வோட்னுக்குச் சாலை கிடையாது. பஸ் கிடையாது. வாடகைக் காரில் போகவே முடியாது. வழக்கமான பாதை மேற்கிலிருந்து. நாட்டின் நடுவே உள்ள மேட்டு நிலத்தில் யோகுல்ஹெய்மர் என்ற இடம் வரை கரடுமுரடான தடம். அங்கிருந்து துங்னாவுர்யோகுல் என்ற பனியாற்றின் நாக்கு வழியாக மேலே ஏறி, பனியின் மேலேயே பல மணி நேரம் பயணம். இதற்கென மாற்றியமைத்த ‘சூப்பர் ஜீப்’கள் இருக்கின்றன. ஆள் இடுப்பு உயர டயர், அதில் காற்றைப் பெருமளவு இறக்கிவிட்டு, மெத்தை மாதிரித் தட்டையாக்கி ஓட்டுவார்கள். அப்போதுதான் வண்டி பனியில் புதையாது. ஸ்னோமொபைலில் போகிறவர்களும் உண்டு. ஸ்கீயில் நாள்கணக்கில் கடப்பவர்களும் உண்டு.

காலம் முக்கியம். ஏப்ரலிலிருந்து ஜூன் தொடக்கம் வரைதான் சாதகம். குளிர்காலத்தில் விழுந்த பனி அப்போது பிளவுகளை மூடியிருக்கும், வெளிச்சமும் நிறைய இருக்கும். ஜூலைக்குப் பிறகு கீழ்ப்பகுதியில் பனி உருகி, பிளவுகள் வாய் திறக்கும். நம் ஆள்கள் ஐஸ்லாந்து போவது பெரும்பாலும் ஜூலை–ஆகஸ்ட்டிலோ, நார்த்தன் லைட்ஸ் பார்க்கக் குளிர்காலத்திலோ. இரண்டுமே இதற்குத் தோதான நேரம் இல்லை.

போய்ச் சேர்ந்தால் தங்க ஓர் இடம் உண்டு. கால்டெராவின் தெற்கு விளிம்பில், சுமார் 1,720 மீட்டர் உயரத்தில், கிரிம்ஸ்ஃபியாத்ல் என்ற பாறை முகட்டின்மேல் சில குடில்கள். 1950-இல் தொடங்கப்பட்ட ஐஸ்லாந்து பனியாற்றியல் சங்கத்துக்குச் சொந்தமானவை. முதல் குடில் 1957-இல் கட்டியது. சுற்றிலும் பல கி.மீ.க்கு வெறும் பனி, ஆனால் குடிலுக்குள் கதகதப்பு. காரணம், எரிமலை நீராவியையே குழாய் போட்டு உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். நீராவிக் குளியல் அறைகூட இருக்கிறது. உலகத்திலேயே விசித்திரமான சானாக்களில் இதுவும் ஒன்றாக இருக்கும்.

இந்தச் சங்கம் 1953-இலிருந்து வசந்த காலத்தில் இங்கே ஆய்வுப் பயணம் நடத்திவருகிறது. விஞ்ஞானிகளும், சொந்த லீவு போட்டுவிட்டு வரும் தன்னார்வலர்களும் சேர்ந்துதான் போகிறார்கள். பனியைத் துளையிட்டு அந்தக் குளிர்காலத்தில் எத்தனை மீட்டர் விழுந்தது என்று அளப்பது, கருவிகளைச் சரிபார்ப்பது, குடிலைப் பராமரிப்பது என வேலை இருக்கும். கிரிம்ஸ்வோட்னை நேர்மையாகப் பார்த்தவர்கள் என்றால் என்னைப் பொறுத்தவரை இவர்கள்தான்.

அப்புறம், அங்கே என்னதான் தெரியும்? நல்ல வெயில் நாளில் விளிம்பில் நின்றால், கீழே சமதளமான ஒரு வெள்ளை மைதானம். அதுதான் ஏரியின் மேல் மிதக்கும் பனி மூடி. அடியில் தண்ணீர் இருப்பதற்கு எந்த அடையாளமும் இருக்காது. சுவர் ஓரத்தில் அங்கங்கே நீராவி, கறுத்த சாம்பல் படிவுகள், சூடு அரித்த குழிகள், லேசான கந்தக வாடை. அவ்வளவுதான். குழம்பு, தீப்பிழம்பு எதுவும் கிடையாது. மோசமான நாளில் உங்கள் கையுறைகூடத் தெரியாது, குடிலுக்குள் உட்கார்ந்து காற்றுச் சத்தம் கேட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

மைதானத்தின் நடுவே சின்னதாக ஒரு கம்பம் மாதிரி நிற்கும். ஜிபிஎஸ் கருவி. பனி மூடி உயர்கிறதா தாழ்கிறதா என்று அது சொல்லும். மெல்ல உயர்ந்தால் ஏரி நிரம்புகிறது. தாழ ஆரம்பித்தால் தண்ணீர் கிளம்பிவிட்டது. 50 கி.மீ. தள்ளி ரிங் ரோட்டில் போகிற கார்களுக்கு முன்னெச்சரிக்கை கிடைப்பது இதுபோன்ற கருவிகளால்தான்.

எது உண்மையான ஆபத்து?

வெடிப்பில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தான் எல்லோருக்கும் முதலில் வரும். அது குறைந்தபட்ச ஆபத்து. ஏரியின் அசைவையும் நிலநடுக்கங்களையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், சந்தேகம் வந்தால் பயணமே கிடையாது. ஆனால் மற்றவை அப்படி முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

முதலில், வெள்ளை இருட்டு. மேகம் இறங்கிவிட்டால் தரையும் வானமும் ஒரே வெள்ளை, மேடு பள்ளம் எதுவும் தெரியாது. அனுபவமுள்ள ஓட்டுநர்கள் கண்ணாடியைப் பார்த்து இல்லை, ஜிபிஎஸ் திரையைப் பார்த்து ஓட்டுவார்கள். கிரிம்ஸ்ஃபியாத்லின் ஒரு பக்கம் கால்டெராவுக்குள் செங்குத்தாக இறங்கும் சுவர். போன மாதம் பாதுகாப்பாக இருந்த தடத்தில் இந்த மாதம் ஒரு பிளவு திறந்திருக்கலாம். பனி நகர்ந்துகொண்டே இருப்பது என்று சொன்னோமே, அதன் விளைவு இது.

பிறகு, அடியிலிருந்து வரும் சூடு. மேலே சுத்தமான பனி, உள்ளே குகை. காலை வைத்தால் போயிற்று.

மூன்றாவது வாயு. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, பள்ளங்களிலும் குகைகளிலும் தங்கிவிடும், வாசனையும் கிடையாது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் தந்திரமானது. அளவு கூடினால் நம் மூக்கே மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதி அடைவதுதான் மிக மோசமான தருணம்.

எரிமலையோடு தொடர்பில்லாத ஒரு சம்பவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்ட் 25 அன்று, இதே வாட்னாயோகுலின் கிழக்குப் பக்கத்தில் உள்ள ப்ரெய்தாமெர்குர்யோகுலில் ஒரு சுற்றுலாக் குழுவின்மேல் பனி இடிந்து விழுந்தது. ஓர் அமெரிக்கப் பயணி இறந்தார், ஒருவர் காயமடைந்தார். இன்னும் இருவர் உள்ளே சிக்கியிருக்கிறார்கள் என்று நினைத்து மீட்புக் குழுவினர் மறுநாள் வரை பனியைக் கையால் வெட்டித் தேடினார்கள். கடைசியில் பார்த்தால் குழுவில் 25 பேர் இல்லை, 23 பேர்தான். எத்தனை பேர் போனார்கள் என்ற பட்டியலே தவறு. பனிக் குகைகள் குளிர்காலத்துக்கானவை, கோடையில் அவை உருகிக்கொண்டிருக்கும். அதனால் எந்த மாதத்திலும் ‘ஐஸ் கேவ்’ காட்டுகிறோம் என்று விற்கிறவர்களிடம் ஏன், எப்படி என்று கேளுங்கள். எத்தனை பேரை ஒரு கைடு அழைத்துப் போகிறார், பெயர்ப் பட்டியல் யாரிடம் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பத்து நாள் லீவில் இது சாத்தியமா?

கிரிம்ஸ்வோட்ன் வரை போவது பெரும்பாலானவர்களுக்குச் சாத்தியமில்லை என்பதே நேர்மையான பதில். செலவு ஒரு பக்கம். வானிலைக்காகக் காத்திருக்க மூன்று நான்கு நாள் கையில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு பக்கம். ரிட்டர்ன் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பனியாற்றில் ஏறுகிறவர்கள் தவறான முடிவு எடுப்பார்கள்.

ஆனால் பனிக்கு அடியில் இருக்கும் எரிமலையைத் தொட்டுப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. ஸ்காஃப்டஃபெல் பகுதியில் கைடு வைத்து பனியாற்றில் நடக்கிறார்களே, அந்தப் பனி இறங்கி வருவது ஓரைவாயோகுல் என்ற எரிமலையிலிருந்து. பலருக்கு அது எரிமலை என்றே தெரியாது. 1362-இல் அது வெடித்ததில் அடிவாரத்தில் இருந்த ஒரு செழிப்பான பகுதியே அழிந்தது. பிறகு அந்த இடத்துக்கு ‘ஓரைவி’ என்று பெயர் வந்தது. ‘பாழ் நிலம்’ என்று பொருள். கடைசியாக வெடித்தது 1727-இல். 2017-இல் உச்சியில் உள்ள பனி திடீரெனக் குழிந்து அதிகாரிகளைப் பதற வைத்தது, பிறகு அடங்கியது. ஐஸ்லாந்தின் உயரமான சிகரமான 2,110 மீட்டர் ஹ்வன்னதால்ஷ்னூகுர் இந்த எரிமலையின் விளிம்பில்தான் இருக்கிறது. வசந்த காலத்தில் கைடுடன் ஒரே நாளில் ஏறி இறங்கலாம். ஆனால் அந்த ஒரு நாள் 12 மணி நேரத்துக்கு மேல், கயிற்றில் கட்டிக்கொண்டு. வார இறுதி டிரெக்கிங் செய்கிறவர்கள் தங்கள் உடல்தகுதியை ஒருமுறை யோசித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

இன்னும் எளிதாக வேண்டுமென்றால் வீக் என்ற கடற்கரை ஊர். அதற்கு மேலே மீர்தால்ஸ்யோகுல் பனிக்குக் கீழே காட்லா எரிமலை. 1918 அக்டோபரில் கடைசியாகப் பெரிதாக வெடித்தது. அப்போது வந்த வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணலில் கடற்கரையே கடலுக்குள் நகர்ந்தது. வீக்கில் இருந்து சாம்பல் வரிகள் ஓடும் கறுப்பு–நீலப் பனிக் குகைகளுக்குக் கைடுகள் அழைத்துப் போகிறார்கள். ஒவ்வொரு கறுப்பு வரியும் ஏதோ ஒரு வெடிப்பின் சாம்பல். ஊர் மேட்டில் இருக்கும் அழகான சிவப்புக் கூரை தேவாலயத்தை எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். காட்லா வெடித்தால் ஊர் மக்கள் கூட வேண்டிய இடம் அதுதான். வெள்ளம் எட்டாத உயரம். 2024 ஜூலை 27 அன்று பெரிய வெடிப்பு எதுவும் இல்லாமலேயே இந்தப் பனியாற்றிலிருந்து வெள்ளம் வந்து ரிங் ரோட்டை மூடியது. அது கோடை சீசனின் உச்சம்.

கிளம்புவதற்கு முன்

ஐஸ்லாந்து ஷெங்கன் நாடு. விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். நாம் பெரும்பாலும் விலை குறைந்த பாலிசியை எடுத்து விசா வேலையை முடித்துக்கொள்வோம். பனியாற்று நடை, ஸ்னோமொபைல், மலையேற்றம் போன்றவற்றை அந்தப் பாலிசி விலக்கியிருக்கிறதா என்று சிறிய எழுத்தையும் படியுங்கள். வாடகைக் காருக்கும் இதே கதை. ‘எஃப்’ என்று தொடங்கும் மேட்டுநிலச் சாலைகளில் நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயம். ஆற்றைக் கடக்கும்போது வண்டிக்குள் தண்ணீர் புகுந்தால் பெரும்பாலான காப்பீடு கைவிரித்துவிடும்.

போகிற வழித்திட்டத்தை ‘சேஃப்டிராவல்’ என்ற அந்நாட்டு இணையதளத்தில் பதிந்துவிட்டுப் போகலாம், இலவசம். நீங்கள் திரும்பவில்லை என்றால் தேட வருகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஆசிரியர், மெக்கானிக், ஐடி ஊழியர் என்று வேலை பார்ப்பவர்கள், அழைப்பு வந்ததும் கிளம்பி வருவார்கள். அந்த அமைப்பின் முக்கியமான வருமானங்களில் ஒன்று, புத்தாண்டுக்குப் பட்டாசு விற்பது.

அவசர எண் 112. எரிமலை அல்லது வெள்ள எச்சரிக்கை வந்தால், அந்தப் பகுதியில் இருக்கும் செல்போன்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவார்கள். வெளிநாட்டுச் சிம் என்றாலும் அங்குள்ள நெட்வொர்க்கில் இணைந்திருந்தால் வரும். செலவை மிச்சப்படுத்த போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு ஹோட்டல் வைஃபையில் மட்டும் காலம் தள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. வீக்குக்கும் ஸ்காஃப்டஃபெல்லுக்கும் இடையே ஓட்டும்போதாவது அதை ஆஃப் செய்துவிடுங்கள்.

கிளம்பும் நாள் காலையில் ஐஸ்லாந்து வானிலை ஆய்வு மையத்தின் தளத்தைத் திறந்தால் ஒவ்வொரு எரிமலைக்கும் ஒரு நிறம் தெரியும். பச்சை என்றால் வழக்கமான நிலை. மஞ்சள் என்றால் வழக்கத்தைவிட அசைவு கூடியிருக்கிறது. ஆரஞ்சு என்றால் வெடிக்கும் வாய்ப்பு அதிகரித்திருக்கிறது, அல்லது சாம்பல் பெரிதாக இல்லாமல் வெடித்துக்கொண்டிருக்கிறது. சிவப்பு என்றால் சாம்பலோடு வெடிப்பு நெருங்கிவிட்டது அல்லது தொடங்கிவிட்டது. இந்த நிறங்கள் விமானிகளுக்காக வைத்தவை என்பதையும் மறக்க வேண்டாம். வெள்ளத்தை அவை சொல்லாது. எரிமலை பச்சையில் இருக்கும் நாளிலும் யோகுல்லாப் வரும். அதற்கு ஆறுகளின் நீர்மட்ட எச்சரிக்கையையும் சாலைத் துறையின் அறிவிப்பையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஆற்றங்கரையில் திடீரென அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், எந்த ஆப்பையும் திறக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுங்கள். பனிக்கு அடியில் கந்தகத்தோடு சேர்ந்திருந்த தண்ணீர் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.